முப்பத்திரண்டு அடிக்கு மேல்

சில வருடங்களுக்கு முன்னால் அமெரிக்க மாநிலம் ஒன்றின் தொழில் உரிமத் துறைக்கு மென்பொருள் எழுதிக்கொடுக்கும் குழுவில் இருந்தேன். எந்த மாநிலம் என்பது வேண்டாம். சென்னையில் ராத்திரி எட்டரைக்கு கால் தொடங்கும். அவர்களுக்கு அப்போதுதான் காலை காபி. எனக்கு வந்து சேர்ந்தது கட்டண அட்டவணை. டேட்டாபேஸில் ஒரு டேபிள், அவ்வளவுதான். தொழில், உரிம வகை, தொகை, தொடக்கத் தேதி, முடிவுத் தேதி. முடிதிருத்துபவர், நிலத் தரகர், ஏலக்காரர், பிணங்களைப் பதப்படுத்துபவர் என்று ஒரு சமூகமே அந்த டேபிளில் வரிசையாக நின்றது. ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஒரு எண். முடிவுத் தேதி தெரியாத இடத்தில் 9999 டிசம்பர் 31 என்று போடுவது எங்கள் தொழிலின் பழக்கம். அதையே போட்டேன்.

ஒரு நாள் மேனேஜரிடம் கேட்டேன். "இந்தத் தொகையெல்லாம் யார் முடிவு பண்றாங்க? எதுக்கு இது 500, அது 75?"

"சட்டத்துல இருக்கு. நீ ஹார்ட்கோட் மட்டும் பண்ணித் தொலைச்சுடாதே."

நல்ல அறிவுரைதான். ஆனால் கேள்வி போகவில்லை. ஒரு தொழில் செய்ய அரசுக்கு இவ்வளவு கட்டு என்று சொல்லும் எண் எங்கிருந்து வருகிறது? பல மாநிலங்களின் உரிமச் சட்டங்களைச் சும்மா படிக்க ஆரம்பித்தேன். பெரும்பாலானவை தூக்கம் வரவழைப்பவை. ஃப்ளோரிடாவின் 326-ஆம் அத்தியாயம் மட்டும் பிடித்துப்போனது. படகு, கப்பல் தரகர்களுக்கான சட்டம். மொத்தமே ஆறு பிரிவுகள். அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். இந்தக் கட்டுரை அந்த அரை மணி நேரத்தின் நீட்சி.

முதலில் படகு எப்படிக் கைமாறுகிறது என்று பார்த்துவிடலாம். இல்லாவிட்டால் கட்டணத்தைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

42 அடி நீளமுள்ள பழைய உல்லாசப் படகு ஒன்று, விலை நான்கு லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் ஒரு தரகரிடம் பட்டியலிடுகிறார். வாங்குபவர் இன்னொரு தரகரோடு வருகிறார். விலை படிந்ததும் வாங்குபவர் பத்து சதவீதம் முன்பணம் கொடுப்பது வழக்கம். நாற்பதாயிரம் டாலர். அதற்குப் பிறகுதான் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி அடிப்பகுதியைத் தட்டிப் பார்ப்பது, எஞ்சின் எண்ணெயைப் பரிசோதிப்பது, கடலில் ஓட்டிப் பார்ப்பது எல்லாம். படகு பிடிக்கவில்லை என்றால் முன்பணம் திரும்ப வர வேண்டும். இதற்கெல்லாம் சில வாரங்கள் ஆகும். அந்தச் சில வாரங்களும் நாற்பதாயிரம் டாலர் விற்பவரிடமும் இல்லை, வாங்குபவரிடமும் இல்லை. தரகரின் கணக்கில் இருக்கிறது.

மொத்தச் சட்டமும் இந்தச் சில வாரங்களுக்காகத்தான் எழுதப்பட்டிருக்கிறது என்பது என் வாசிப்பு. வாங்குபவரின் பணத்தைத் தரகர் தன் பணத்தோடு கலக்கக் கூடாது, மாநிலத்துக்குள் இருக்கும் வங்கியில் தனி அறக்கணக்கில் போட வேண்டும் என்கிறது. தரகர் 25,000 டாலருக்கும் அவரிடம் வேலை செய்யும் விற்பனையாளர் 10,000 டாலருக்கும் பிணைப்பத்திரம் கொடுக்க வேண்டும். எங்கே தவறு நடந்தாலும் ஒரு மீறலுக்குப் பத்தாயிரம் டாலர் வரை அபராதம். கைரேகை கொடுக்க வேண்டும். தேர்வு கிடையாது. இரண்டு வருடம் தொடர்ந்து விற்பனையாளராக இருந்தால்தான் தரகர் ஆக முடியும்.

இப்போது கணக்கைக் கவனியுங்கள். நம் உதாரணத்தில் முன்பணம் 40,000. தரகரின் பிணை 25,000. ஒரே ஒரு முன்பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடினாலும் பிணை போதாது. ஆக பிணைப்பத்திரம் வாங்குபவரை முழுசாகக் காப்பாற்றாது. அறக்கணக்கு காப்பாற்றும். ஆனால் அறக்கணக்கு என்பது யாராவது போய்த் திறந்து பார்க்கும்வரை வெறும் வாக்குறுதி. திறந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். சம்பளம் எங்கிருந்து?

இங்கேதான் கட்டணம் வருகிறது. சட்டம் சொல்வது சுருக்கமாக இதுதான்: விண்ணப்பம், முதல் உரிமம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தல் ஆகியவற்றுக்கான கட்டணத்தைத் துறையே விதியாக நிர்ணயிக்கலாம், அது 500 டாலரைத் தாண்டக் கூடாது, ஆனால் இந்தச் சட்டத்தை நடத்த ஆகும் செலவை அதன் விகிதத்துக்கு ஈடுகட்டப் போதுமானதாகவும் இருக்க வேண்டும். ஒரே மூச்சில் கூரையும் போட்டு, தரையும் போட்டிருக்கிறார்கள். செலவு கூரையைத் தாண்டினால் என்ன செய்வது என்று எங்கும் சொல்லவில்லை. மென்பொருளில் இப்படி எழுதினால் ரிவ்யூவில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தரகரிடம் அரசு காசு வாங்குவது புதிய விஷயமில்லை. பல்லவர் செப்பேடுகளில் ஊருக்கு விட்டுக்கொடுக்கப்பட்ட வரிகளின் பட்டியலில் 'தரகு' என்றே ஒன்று உண்டு. அங்கே அது நேரடியான வரி. நீ இடையில் நின்று சம்பாதிக்கிறாய், எனக்கும் கொடு. அதற்குப் பதிலாக அரசன் தரகரின் கணக்கைத் தணிக்கை செய்வதாக யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. கட்டணம் என்பதில் ஒரு பதிலீடு இருக்கிறது: காசு கொடு, பதிலுக்கு உன் தொழிலைக் கண்காணிக்கிறேன். இந்தப் பேரம் எப்படிக் கெட்டுப்போகும் என்பதற்கு லண்டனைவிட நல்ல பாடம் கிடைக்காது.

லண்டனில் முதலாம் எட்வர்ட் காலத்திலேயே, 1285-ல், நகர அதிகாரியின் முன் சத்தியம் செய்து அனுமதி பெறாதவர் தரகு வேலை செய்யக் கூடாது என்று விதி வந்துவிட்டது. நம் கதைக்கு முக்கியமான வருடம் 1697. பிரான்சோடு போர், பங்கு வியாபாரம் சூடுபிடித்த நேரம், ஊரெல்லாம் தரகர்கள். நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. உரிமம் பெற்ற தரகர்கள் நூறு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அனுமதிக் கட்டணம் இரண்டு பவுண்ட். நல்லபடி நடந்துகொள்வேன் என்று ஐந்நூறு பவுண்டுக்குப் பிணை. செய்த பேரங்களை எழுதிவைக்க ஒரு பதிவேடு. அடையாளத்துக்கு ஒரு வெள்ளிப் பதக்கம். ஒரு பக்கம் அரச முத்திரை, மறுபக்கம் தரகரின் பெயர். பேரம் பேசும்போது அதைக் காட்ட வேண்டும்.

பிணை, பதிவேடு, அடையாளம், கட்டணம். ஃப்ளோரிடா சட்டத்தின் எலும்புக்கூடு அப்படியே முந்நூறு வருடத்துக்கு முன்னால் தயாராக இருந்தது என்று சொன்னால் மிகையில்லை. அதில் இல்லாத ஒன்றும் லண்டனில் இருந்தது: எண்ணிக்கை வரம்பு. அந்த நூறு பேரில் யூதர்களுக்குப் பன்னிரண்டு இடம், வெளிநாட்டவருக்குப் பன்னிரண்டு இடம் என்று ஒதுக்கினார்கள். ஒதுக்கீடு என்று சொல்வதைவிடத் தடுப்பு என்று சொல்லலாம். திறமை எவ்வளவு இருந்தாலும் பதின்மூன்றாவது யூதருக்கு இடமில்லை.

இரண்டு பவுண்ட் கட்டணம் என்ன ஆயிற்று? காகிதத்தில் சிறு தொகையாகவே இருந்தது. ஆனால் பன்னிரண்டு யூதத் தரகர்களில் ஒருவர் இறந்தாலோ விலகினாலோ, அந்த இடத்துக்கு அடுத்தவரை நியமிக்கும் அதிகாரம் லண்டன் மேயரிடம் இருந்தது. மேயர்கள் அதை விற்றார்கள். விலை நூற்றுக்கணக்கில் போய், ஆயிரம் பவுண்டைத் தாண்டியதும் உண்டு. பிற்காலத்தில் பெரும் கொடையாளராகப் பெயர் பெற்ற மோசஸ் மான்டிஃபியோரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிலுக்கு வந்தது அந்தப் பன்னிரண்டு இடங்களில் ஒன்றைப் பிடித்துத்தான். அந்த ஒதுக்கீடு 1830 வாக்கில் ஒழிந்தது. தரகர்கள்மேல் நகரத்துக்கு இருந்த பிடி 1870, 1884 ஆகிய வருடங்களின் சட்டங்களால் தளர்ந்து மறைந்தது. பதக்கங்கள் இப்போது அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

சட்டப் புத்தகத்தில் உள்ள கட்டணம் ஒன்று, உள்ளே நுழைய உண்மையில் ஆகும் விலை வேறொன்று. இந்த இடைவெளியைத்தான் கவனிக்க வேண்டும். கட்டணம் உயர்ந்தால் மட்டும் வாசல் அடைபடும் என்று நாம் நினைக்கிறோம். லண்டனில் இருநூறு வருடங்களுக்கு அருகில் கட்டணம் பெரிய தடையாக இருந்ததே இல்லை. வாசலில் நின்றவர் கணக்கை யாரும் பார்க்கவில்லை, அதுதான் விஷயம்.

அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே தரகர், அவருக்குக் கீழே விற்பனையாளர் என்ற இரண்டு அடுக்கு அமைப்பு நிலத் தரகிலிருந்து வந்தது. கலிஃபோர்னியா 1917-ல் நிலத் தரகர்களுக்கு உரிமச் சட்டம் கொண்டுவந்தது. நீதிமன்றம் அதைத் தள்ளியது. 1919-ல் திருத்தி மறுபடி கொண்டுவந்தார்கள், அது நின்றது. ஃப்ளோரிடா 1923-ல் பின்தொடர்ந்தது. இரண்டே வருடத்தில் அந்த மாநிலம் வரலாறு காணாத நிலப் பைத்தியத்தில் விழுந்தது. 1925-ல் மியாமித் தெருக்களில் இளைஞர்கள் கையில் 'பைண்டர்' என்ற காகிதத்தை வைத்துக்கொண்டு நிற்பார்கள். நிலத்துக்குச் சிறு முன்பணம் கட்டிய ரசீது அது. நிலத்தை யாரும் பார்த்ததில்லை. ரசீதே ஒரு நாளில் பல கை மாறும், ஒவ்வொரு கையிலும் விலை ஏறும். 1926 செப்டம்பரில் மியாமியைத் தாக்கிய புயல் மிச்சம் இருந்ததையும் அடித்துக்கொண்டு போனது. உரிமச் சட்டம் இருந்தும் இவ்வளவும் நடந்தது. முன்பணம் என்ற சொல்லுக்கு ஃப்ளோரிடா பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது.

படகுத் தரகர்கள் 1980களின் இறுதிவரை வெளியேதான் இருந்தார்கள். பிறகு 326-ஆம் அத்தியாயம் வந்தது. இன்றைக்கும் அமெரிக்காவில் படகுத் தரகருக்கென்று தனியாக மாநில உரிமம் கேட்பவை ஃப்ளோரிடாவும் கலிஃபோர்னியாவும்தான். மற்ற கடலோர மாநிலங்களில் உங்கள் நாற்பதாயிரம் தரகரின் மனசாட்சியையும் ஒப்பந்தத்தையும் நம்பி இருக்கும்.

ஃப்ளோரிடாவில் எது படகு என்பதற்கு ஒரு வரையறை உண்டு. 32 அடிக்கு மேல், 300 கிராஸ் டன்னுக்குக் குறைவான 'எடை'.  என்னைப் போன்ற இன்ஜினியர்களுக்கு இங்கே லேசாகப் பல் கூசும். கிராஸ் டன் எடையே கிடையாது. கலத்தின் உள்ளே இருக்கும் கொள்ளளவு அது. பழைய கணக்கில் நூறு கன அடி ஒரு டன். சொல் பிறந்தது 'டன்' என்ற வைன் பீப்பாயில் இருந்து. எத்தனை பீப்பாய் ஏற்றலாம் என்பதே பழைய அளவு. சட்டம் எழுதியவர் அதை எடை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். யாருக்கும் நஷ்டமில்லை.

நஷ்டம் 32 அடியில் இருக்கிறது. 30 அடி பழைய படகை அறுபதாயிரம் டாலருக்கு வாங்கும் ஓய்வுபெற்ற தம்பதிக்கு இந்தச் சட்டம் இல்லை. அவர்களிடம் முன்பணம் வாங்குபவருக்கு இந்த உரிமம் தேவையில்லை. புதிய படகு விற்பனைக்கும் தேவையில்லை. தன் சொந்தப் படகை விற்பவருக்கும் தேவையில்லை. கலிஃபோர்னியாவில் கோடு 16 அடியில் போட்டிருக்கிறார்கள். அங்கே தேர்வும் உண்டு. கோட்டைக் கீழே இறக்கினால் பாதுகாக்கப்படுபவர்கள் கூடுவார்கள், கண்காணிக்க வேண்டிய தரகர்களும் கூடுவார்கள், செலவும் கூடும். அதனால் எத்தனை அடியில் கோடு என்பதும் எவ்வளவு கட்டணம் என்பதும் ஒரே கேள்வியின் இரண்டு முனைகள். சட்டமன்றங்களில் இவற்றைத் தனித்தனியாகப் பேசுவதுதான் பிரச்சினை.

சின்னத் தொழில்களுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. ஃப்ளோரிடாவில் நிலத் தரகு விற்பனையாளரின் அரசு விண்ணப்பக் கட்டணம் நூறு டாலருக்குள் அடங்கிவிடும். 63 மணி நேரப் பாடமும் தேர்வும் தனி. படகு விற்பனையாளரின் உச்சவரம்போ 500. படகு விற்பவர் மோசமானவர் என்பதாலா? இல்லை, தலைகளின் எண்ணிக்கை. நில விற்பனையாளர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஒரு புகாரை விசாரிக்க ஆகும் செலவு எந்தத் தொழிலிலும் ஏறத்தாழ ஒன்றுதான். வெறும் கணக்குக்காக 2,000 படகு உரிமங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்கு ஆளுக்கு 500 என்றால் வருடத்துக்கு ஐந்து லட்சம் டாலர். அதில் விண்ணப்பங்களைச் சரிபார்க்க ஆள், விசாரிக்க ஆள், வக்கீல், கணினி, அலுவலக வாடகை. அறக்கணக்கைப் போய்த் திறந்து பார்க்க எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இந்தப் பணம் எங்கே போகிறது என்பதும் சுவாரசியம். அடுக்குமாடிக் குடியிருப்புகள், டைம்ஷேர், நடமாடும் வீடுகள் ஆகியவற்றைக் கவனிக்கும் பிரிவுதான் படகுத் தரகர்களையும் கவனிக்கிறது. எல்லாக் கட்டணமும் அந்தப் பிரிவின் ஒரே நிதியத்தில் விழுகிறது. அடுக்குமாடி உரிமையாளர்கள் ஒரு வீட்டுக்கு வருடம் நான்கு டாலர் கட்டுகிறார்கள். நான்கே டாலர்! ஒரு காபி விலை. வீடுகள் லட்சக்கணக்கில் இருப்பதால் அது பெரிய தொகை ஆகிவிடுகிறது. படகுப் பணம் அந்தக் கடலில் ஒரு வாளி.

2021 ஜூன் 24-ஆம் தேதி மியாமிக்குப் பக்கத்தில் சர்ஃப்சைடில் நாற்பது வயதான அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று நள்ளிரவு தாண்டி இடிந்து விழுந்து 98 பேர் செத்துப்போனார்கள். அதற்கும் படகுக்கும் சம்பந்தமில்லை. கட்டட ஆய்வு அந்தப் பிரிவின் வேலையாக அப்போது இருந்ததும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த சட்டங்கள் அந்தப் பிரிவின் தலையில் புதிய வேலைகளை ஏற்றின. ஒரு சின்னத் தொழிலின் கண்காணிப்பு இப்படிப்பட்ட அலுவலகத்தின் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு இதை நினைக்கும்போது கொஞ்சம் பரிதாபமாகத்தான் இருக்கிறது: அந்த மூலையில் இருப்பவர்களைப் பார்த்து.

செலவு கூடினால் கட்டணத்தை உயர்த்திக்கொள்ளலாமே? உச்சவரம்பு சட்டத்திலேயே இருப்பதால் அதை மாற்றச் சட்டமன்றம் போக வேண்டும். 2018 நவம்பரில் ஃப்ளோரிடா வாக்காளர்கள் ஒரு அரசியலமைப்புத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். மாநில வரியோ கட்டணமோ எதை உயர்த்துவதானாலும் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அந்த மசோதாவில் வேறு எந்த விஷயமும் இருக்கக் கூடாது. அதாவது ஒரு உறுப்பினர் எழுந்து நின்று, படகுத் தரகர்களின் 500 டாலரை 650 ஆக்குவதற்காக மட்டுமே ஒரு மசோதா கொண்டுவந்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். யார் சொல்வார்கள்? எங்கள் டேபிளில் போட்ட 9999-ஐ அரசியலமைப்பே போட்டுக்கொடுத்துவிட்டது.

வாங்குபவர் பக்கம் வேறொரு கூரை இருக்கிறது. 2010 ஜூலையிலிருந்து ஃப்ளோரிடாவில் ஒரு படகுக்கான விற்பனை வரி 18,000 டாலருக்கு மேல் போகாது. படகு ஒரு கோடி டாலரானாலும் அவ்வளவுதான். காரணம் புரியாமல் இல்லை. 1991-ல் மத்திய அரசு ஒரு லட்சம் டாலருக்கு மேலான படகுகளின் கூடுதல் விலைக்குப் பத்து சதவீதம் ஆடம்பர வரி போட்டது. பணக்காரர்கள் வாங்குவதைத் தள்ளிப்போட்டார்கள், படகுகட்டும் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள், 1993-ல் அதை எடுத்துவிட்டார்கள். படகு ஓடிப்போகக்கூடிய சொத்து. அதிகம் வரி போட்டால் பஹாமாஸ் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்த 18,000-ல் ஒரு டாலர்கூட அறக்கணக்கைப் பார்க்கும் ஆளுக்கென்று ஒதுக்கப்படுவதில்லை. காவலுக்கான கூலியைத் தரகரும் விற்பனையாளருமே கொடுக்கிறார்கள்.

கலிஃபோர்னியா இதே முடிச்சில் வேறு வழியாக வந்து மாட்டிக்கொண்டது. 1978-ல் பதின்மூன்றாம் முன்மொழிவு வரிகளை உயர்த்துவதைக் கடினமாக்கியது. அரசுக்குப் பணம் வேண்டாமா? வரி என்ற பெயரை விட்டுவிட்டு, கட்டணம் என்ற பெயரில் வாங்க ஆரம்பித்தார்கள். எது கட்டணம், எது வரி என்ற சண்டை நீதிமன்றம் போனது. 1997-ல் சின்க்ளேர் பெயின்ட் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் அரசு பக்கம் சாய்ந்தது. ஈயம் கலந்த பொருட்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்களிடம், பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கான திட்டத்துக்கு வாங்கும் பணம் வரி ஆகாது, ஒழுங்குமுறைக் கட்டணம்தான் என்றது. 2010-ல் வாக்காளர்கள் இருபத்தாறாம் முன்மொழிவால் திருப்பி அடித்தார்கள். உரிமம் கொடுக்கவும், விசாரிக்கவும், தணிக்கை செய்யவும் ஆகும் நியாயமான செலவுக்கு மேல் வாங்கினால் அது வரி; செலவு நியாயமானது என்று நிரூபிக்கும் சுமை அரசுடையது.

இந்த விதியை முதலில் படித்தபோது எனக்குப் பிடித்தது. கணக்குக் காட்டு, காசு வாங்கு. சுத்தமான இன்ஜினியரிங் மனசுக்கு உகந்தது. யோசிக்க யோசிக்க ஒன்று உறுத்தியது. ஒரு விற்பனையாளர் முதல் வருடத்தில் ஒரு படகும் விற்காமல் இருக்கலாம். ஒரு தரகர் ஐம்பது படகு விற்று இருபது லட்சம் டாலர் முன்பணத்தைக் கணக்கில் வைத்திருக்கலாம். கண்காணிப்புச் செலவை உண்டாக்குபவர் இரண்டாமவர். ஃப்ளோரிடா சட்டம் பிணையில் இருவரையும் பிரித்துப் பார்க்கிறது: 25,000, 10,000. கட்டணத்தின் உச்சவரம்பில் பிரிக்கவில்லை. இருவருக்கும் அதே 500.

என்னைக் கேட்டால், விற்பனையாளரின் முதல் இரண்டு வருடத்துக்குப் பெயருக்கு ஒரு தொகை வாங்கினால் போதும். அறக்கணக்கில் எவ்வளவு பணம் புரள்கிறதோ அதற்கேற்பத் தரகரிடம் வாங்கலாம். மென்பொருளில் இது ஒரு கூடுதல் காலம், மூன்று நாள் வேலை. சட்டத்தில் அப்படி இல்லை. புரளும் பணத்துக்கேற்ப வாங்கினால் அது கட்டணமா வரியா என்று கலிஃபோர்னியாவில் வழக்கு வரும். ஃப்ளோரிடாவில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஒரே தொகை என்பது அநியாயமாக இருக்கலாம், ஆனால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள். பல கட்டணங்கள் இப்படித்தான் நிலைத்திருக்கின்றன என்று நினைக்கிறேன்.

உரிமமே வேண்டாம் என்பவர்கள் ஒரு பக்கம் இருக்கிறார்கள். மில்டன் ஃப்ரீட்மன் 1962-லேயே, உரிமம் என்பது உள்ளே இருப்பவர்கள் வெளியே இருப்பவர்களைத் தடுக்கும் வழி என்று வாதாடினார். அவர் எழுதிய காலத்தையொட்டி அமெரிக்கத் தொழிலாளர்களில் இருபதில் ஒருவருக்குத்தான் உரிமம் தேவைப்பட்டது. 2015-ல் வெள்ளை மாளிகை வெளியிட்ட அறிக்கை கால்வாசிப் பேருக்கு மேல் என்றது. 2020-ல் ஃப்ளோரிடா பல தொழில்களின் உரிம விதிகளை ஒரே சட்டத்தில் தளர்த்தியது. படகுத் தரகர் உரிமம் அதற்குப் பிறகும் இருக்கிறது. லண்டன் கதையைப் படித்தவனாக ஃப்ரீட்மன் சொல்வதை என்னால் ஒதுக்க முடியவில்லை. ஆனால் நாற்பதாயிரம் டாலரும் கண்முன் நிற்கிறது.

கடைசியாக, ஒரு சந்திப்பு. நண்பன் வீட்டுக்காக ஃபோர்ட் லாடர்டேல் போயிருந்தேன். அக்டோபர் இறுதி. 1959-ல் தொடங்கிய படகுக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. வாங்கப் போவதில்லை என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தும் ஒரு இளைஞன் என்னிடம் பொறுமையாகப் பேசினான். கியூபாவிலிருந்து வந்த குடும்பம். விற்பனையாளர் உரிமம் எடுத்து எட்டு மாதம். இன்னும் ஒன்றும் விற்கவில்லை. விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டேன். என் உதாரணத்து நான்கு லட்சம் டாலர் படகை வைத்தே அவன் கணக்குச் சொன்னான். தரகு பத்து சதவீதம், நாற்பதாயிரம். இரண்டு தரகர்கள் என்றால் பாதி. அதில் தன் அலுவலகத்துக்குப் பாதி. கைக்குப் பத்தாயிரம்.

உரிமக் கட்டணம் அதிகமாகத் தெரிகிறதா என்றேன். தோளைக் குலுக்கினான். கட்டும்போது வலித்தது, பிணைப்பத்திரத்துக்கான பிரீமியமும் சேர்ந்து அந்த மாத வாடகை தள்ளிப்போனது என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, எதிர்க்கரையில் உரிமமே இல்லாமல் பெரிய படகுகளை விற்கும் ஒருவனைப் பற்றிச் சொன்னான். "புகார் குடுத்தா யாராவது வந்து பார்ப்பாங்கன்னுதான் அந்த ஐந்நூறைக் கட்டறேன்," என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னான். புகார் கொடுத்தாயா என்று கேட்டேன். கொடுத்து மூன்று மாதம் ஆகிறது, இன்னும் யாரும் வரவில்லை என்றான்.

அடுத்த மார்ச்சில் அவனிடமிருந்து ஒரு வாட்ஸப் செய்தி. முதல் விற்பனை முடிந்துவிட்டது, படம் அனுப்பியிருக்கிறேன் பார். வெள்ளை நிறத்தில் சின்ன மீன்பிடிப் படகு. வாழ்த்துச் சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் எத்தனை அடி என்று கேட்டேன்.

முப்பது, என்று பதில் வந்தது. கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.